குறித்துக் கொடுத்த காணிக்கை: ஒரு சேகரத்தின் நிதி நெருக்கடியும் அது மீண்ட விதமும், 2018–2022

பின்னணி

தூத்துக்குடி மாவட்டத்தில், கிராமமும் சிற்றூரும் கலந்த ஒரு சேகரம், அதாவது ஒரே ஆயரின் பொறுப்பில் உள்ள கிறிஸ்தவச் சபைகளின் தொகுப்பு. தலைமை ஆலயத்தில் 210 குடும்பங்கள். இரண்டு கிளைச் சபைகளில் முறையே 60, 40 குடும்பங்கள். 2017-18ஆம் நிதியாண்டின் பொது வரவு 21 லட்சம் ரூபாய் என்று ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. அதில் சங்கக் காணிக்கை (குடும்பங்கள் கட்டும் சபைச் சந்தா) 6.20 லட்சம், அறுப்பின் பண்டிகை (காணிக்கையாக வரும் விளைபொருளை ஏலம் விடும் நன்றி விழா) 5.40 லட்சம், ஞாயிறு காணிக்கை 4.94 லட்சம், ஸ்தோத்திரக் காணிக்கை (நன்றிக் காணிக்கை) 3.10 லட்சம். மீதி மண்டப வாடகை போன்ற சில்லறை இனங்கள்.

பொது வரவு போக, குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வாங்கிய நிதிகள் நான்கு இருந்தன: கோபுரக் கட்டட நிதி, மிஷனெரி காணிக்கை, ஏழைகள் நிதி, படிப்பு உதவி நிதி. இவை எல்லாமே பொதுப் பணத்தோடு ஒரே சேமிப்புக் கணக்கில் கிடந்தன. ரொக்கப் புத்தகமும் ஒன்றுதான்.

ஆயர்கள் மாற்றலாகிப் போவார்கள், கமிட்டி தேர்தலுக்குத் தேர்தல் மாறும். பொருளாளர் மட்டும் 14 ஆண்டுகளாக மாறவில்லை. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கமிட்டியில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். எல்லோருக்கும் அவர் 'சார்'. ஆராதனை முடிந்ததும் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை காணிக்கைப் பைகளை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் தனியாக எண்ணுவார். கரன்ட் பில், டீசல், கூலி என்று அந்த வாரச் செலவை அதிலிருந்தே கொடுத்துவிட்டு, மிஞ்சியதை வங்கியில் கட்டுவார். இதைத் தவறென்று யாரும் நினைக்கவில்லை. சாரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்றே நினைத்தார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. கேள்வி கேட்கப்படாத இடத்தில் அந்த மனிதருக்கும் பாதுகாப்பு இல்லை.

வெளிப்பட்ட விதம்

2018 ஜூனில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. சேகரம் தாங்கிவந்த மிஷனெரி ஸ்தாபனம், இரண்டு ஆண்டுக் காணிக்கை வந்து சேரவில்லை என்று ஆயருக்குக் கடிதம் எழுதியது. கோபுர வேலை எடுத்த மேஸ்திரி, பூச்சு வேலைக்கான பாக்கி 2.25 லட்சத்தைக் கேட்டு நேரில் வந்தார். இரண்டுக்கும் பணம் வசூலாகியிருந்தது சபையார் அனைவருக்கும் தெரியும்.

புதிதாகத் தேர்வான செயலர் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார். ஜூன் 30 அன்று வங்கி இருப்பும் கையிருப்பும் சேர்ந்து 6.30 லட்சம். பெரிய தொகையாகத்தான் தெரிந்தது. அதில் எவ்வளவு யாருடையது என்று கேட்டபோது பொருளாளரால் சொல்ல முடியவில்லை.

கமிட்டி அன்றே செய்த காரியங்கள் மூன்று. கோபுர வேலையை நிறுத்தியது. சேகரங்களுக்கு மேலுள்ள நிர்வாக அமைப்பான திருமண்டலத்தின் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தது. ஐந்து பேர் கொண்ட ஆய்வுக் குழுவை நியமிக்க முடிவெடுத்தது. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், வணிகவியல் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியை ஒருவர், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொறுப்பாளர், கிளைச் சபைக்கு ஒருவராக இருவர். பொருளாளருக்கோ புகார் சொன்னவர்களுக்கோ உறவானவர்கள் குழுவில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் போடப்பட்டது. உறவுமுறை பின்னிக் கிடக்கும் ஊரில் அப்படி ஐந்து பேரைத் தேடவே பத்து நாள் ஆயிற்று. பின்னால் குழுவின் அறிக்கையை எந்தத் தரப்பும் தள்ளிவிட முடியாமல் போனதற்கு அந்த நிபந்தனைதான் காரணம்.

கணக்கைத் திரும்பக் கட்டியது

குழு ரொக்கப் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. அதில் 'வரவு – காணிக்கை' என்று மட்டுமே பல இடங்களில் இருந்தது. ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டையிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு ரசீதும் எந்த நோக்கத்துக்கு எழுதப்பட்டதென்று பார்த்து, நிதிவாரியாகப் பத்தி பிரித்த தாளில் ஏற்றினார்கள். அடுத்து வங்கிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கடைசியாக வவுச்சர்களை அதே பத்திகளில் செலவாக ஏற்றினார்கள். எந்தெந்த ரசீதுப் புத்தகம் யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதற்குப் பதிவேடு இல்லாததால், 61 தாள் எழுதிய ஒரு புத்தகம் கிளைச் சபை ஊழியர் வீட்டுப் பீரோவில் இருந்து கடைசியில்தான் கிடைத்தது. மொத்த வேலைக்கும் பதினொரு வாரம் பிடித்தது.

கட்டட நிதிக்கு வந்தது 41.60 லட்சம், கட்டடத்துக்குச் செலவானது 34.75 லட்சம். ஆக அதில் 6.85 லட்சம் இருந்திருக்க வேண்டும். படிப்பு உதவியில் 3.25, ஏழைகள் நிதியில் 2.85, மிஷனெரி காணிக்கையில் 1.90. மொத்தம் 14.85 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது 6.30. துண்டு 8.55 லட்சம்.

அது போன வழியும் தெரிந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கேட்டவர்கள் கொடுக்காத பாக்கி, மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 3.40 லட்சம். ஒரு பலாப்பழத்தை ஆலயத்துக்காக 8,000 ரூபாய்க்குக் கேட்பார்கள். பணம் பிறகு தருவதாகச் சொல்வார்கள். ஏல நோட்டில் பெயர் ஏறும். ஆண்டறிக்கையில் ஏலத் தொகை முழுவதும் வரவாகக் காட்டப்படும். வராத பணத்தை நம்பிச் செலவு திட்டமிட்டதால், உண்மையில் பற்றாக்குறையில் இருந்த பொதுக் கணக்கு காகிதத்தில் சமமாகத் தெரிந்தது. அது போக இரண்டு ஆண்டில் அசன விருந்து (சபையார் சேர்ந்து உண்ணும் பொது விருந்து), ஆயர் வீட்டுப் பழுதுபார்ப்பு, ஜெனரேட்டர் என்று வரவை மீறிய நேரடிச் செலவு 3.80 லட்சம். பில் இல்லாத செலவு 1.05 லட்சம், கடைகளில் நகல் கேட்டபோது இதில் 62,000 ரூபாய்க்கு ஆதாரம் கிடைத்தது. எந்தக் கணக்கிலும் பிடிபடாதது 30,000.

களவு நடந்ததற்கு எந்த அறிகுறியும் இல்லை. மாறாக, இரண்டு முறை கரன்ட் பில்லைத் தன் ஓய்வூதியத்திலிருந்து பொருளாளர் கட்டியிருந்தது தெரியவந்தது. அவர் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. பொதுக் கணக்கு வறண்டபோதெல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் பணம் கண்ணுக்குத் தெரிந்தது, எடுத்துச் சமாளித்தார், அடுத்த பண்டிகையில் சரியாகிவிடும் என்று நம்பினார். சபைகளில் நிதி சீர்குலைவது பெரும்பாலும் இந்த வழியில்தான். எல்லாரும் திருடனைத் தேடுவதால் இது கண்ணில் படுவதில்லை.

சட்டம் சார்ந்த இரண்டு குறைகளும் அப்போதுதான் தெரிந்தன. மேஸ்திரிக்குக் கொடுத்த தொகையில் வருமான வரிச் சட்டம் 194சி பிரிவின்படி 1 சதவீதம் பிடித்தம் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. ஊரைவிட்டுப் போய் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் கோபுரத்துக்கென்று அனுப்பிய 2 லட்சம் நேராகச் சேகரத்தின் சாதாரணக் கணக்கில் விழுந்திருந்தது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது அயல்நாட்டு நன்கொடைதான். அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற அமைப்பு அதற்கென உள்ள கணக்கில்தான் வாங்கலாம். இரண்டையும் மறைக்காமல் திருமண்டல ஆடிட்டரிடம் ஒப்படைத்தார்கள்.

பொருளாளர் விஷயத்தில்

காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று கமிட்டியில் மூவர் சொன்னார்கள். எதையும் வெளியே சொல்லாமல் அமைதியாக மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டையும் கமிட்டி ஏற்கவில்லை. பணம் தனி மனிதரிடம் போகவில்லை என்று அறிக்கை சொல்லும்போது குற்றப் புகார் பொய்யாகிவிடும். மூடி மறைத்தால், குறித்துக் கொடுத்தவர்களுக்குச் செய்த தவறு தொடரும். பொருளாளர் பட்டியலிட்டுக் கையெழுத்தோடு புத்தகங்களை ஒப்படைத்து விலகினார். குழுவின் ஒவ்வொரு கேள்விக்கும் அவரை உட்காரவைத்தே பதில் வாங்கினார்கள். அவர் கட்டிய கரன்ட் பில்லுக்குப் பணம் வேண்டாம் என்றார். அதைக் காணிக்கையாகக் கருதி அவர் பெயருக்கு ரசீது போட்டார்கள்.

கடன் என்று ஒப்புக்கொண்டது

2018 அக்டோபரில் பொதுச் சபை கூடியது. குறித்த நிதிகளுக்குப் பொதுக் கணக்கு 8.55 லட்சம் கடன்பட்டிருக்கிறது என்று தீர்மானம் எழுதியதுதான் இந்த நிகழ்வின் திருப்பம். 'சரிக்கட்டிக்கொள்ளலாம்', 'எல்லாம் ஆண்டவருடைய பணம்தானே' என்ற பேச்சுக்கு அங்கே முற்றுப்புள்ளி விழுந்தது. ஏழைகளுக்கென்று ஒரு விதவை போட்ட 100 ரூபாயை டீசலுக்கு எடுக்கக் கமிட்டிக்கு உரிமை கிடையாது. கொடுத்தவர் சம்மதித்தால் மட்டுமே நோக்கத்தை மாற்றலாம்.

கையில் இருந்த 6.30 லட்சத்தைப் பிரித்த வரிசையும் யோசித்துப் போட்டதே. மிஷனெரி காணிக்கை 1.90 லட்சம் அந்த வாரமே அனுப்பப்பட்டது, ஏனென்றால் அந்தப் பணத்தை நம்பி வேறோர் ஊரில் ஒரு குடும்பம் இருந்தது. ஏழைகள் நிதி 2.85 லட்சம் முழுதாக ஒதுக்கப்பட்டது. மிச்சம் 1.55 லட்சம் படிப்பு உதவிக்கு. கட்டட நிதிக்கு ஒன்றுமில்லை. கோபுரம் காத்திருக்கும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் காத்திருக்காது என்று ஆயர் விளக்கியதைக் கூட்டம் ஏற்றது.

ஏல பாக்கி உள்ளவர்களுக்குப் பெயர் வெளிவராமல் மூடிய கவரில் சீட்டு கொடுத்தார்கள். ஓராண்டில் 2.35 லட்சம் வந்தது. இறந்தவர்களும் ஊர்விட்டுப் போனவர்களும் வைத்த 1.05 லட்சம் தள்ளுபடியானது. வந்ததில் 1.70 லட்சம் படிப்பு உதவியை நிரப்பியது. மீதி 65,000 ரூபாயும், பொதுக் கணக்கிலிருந்து மாதம் 20,000 வீதம் எட்டுத் தவணையும் மேஸ்திரியின் பாக்கியைத் தீர்த்தன. கட்டட நிதிக்கான மாதத் தவணை 2019 ஜனவரியில் தொடங்கியது: அந்த எட்டும் சேர்த்து 6.20 லட்சத்துக்கு 31 தவணை.

பற்றாக்குறையில் இருந்த பொதுக் கணக்கு அந்தத் தவணையை எப்படிக் கொடுத்தது? சங்கம் கட்டாமலே இருந்த குடும்பங்களை ஆயரும் ஊழியர்களும் வீடு வீடாகச் சந்தித்தார்கள். பலர் சொன்ன காரணம் ஒன்றுதான்: கேட்க யாரும் வரவில்லை. ஓராண்டில் சங்கக் காணிக்கை 8.70 லட்சமாக உயர்ந்தது. அசன விருந்தைப் பொதுக் கணக்கிலிருந்து பிரித்து, அதற்கென்று வரும் அரிசியையும் காணிக்கையையும் மட்டும் கொண்டு நடத்தியதில் 1.40 லட்சம் மிச்சம். வீட்டுப் பழுதுபார்ப்பும் வாடகை ஜெனரேட்டரும் நிறுத்தப்பட்டதில் இன்னும் 1.60 லட்சம்.

எண்ணும் முறை

2018 நவம்பர் முதல் காணிக்கை ஆலயத்தை விட்டு எண்ணப்படாமல் வெளியே போவதில்லை. ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியில், கதவு திறந்திருக்க, உறவில்லாத இருவர் எண்ணுகிறார்கள். பன்னிரண்டு பேர் பட்டியலில் முறைவைத்து வருவார்கள். பொருளாளர் அதில் இல்லை. கவர்கள் முதலில் திறக்கப்படும். உள்ளே உள்ள தொகையைக் கவரின் மேலேயே எழுதி, சங்கம், ஸ்தோத்திரம், ஏழைகள் என்று கவர்களைப் பிரிப்பார்கள். அதன்பிறகு பைக் காணிக்கை. 500, 200, 100 என்று நோட்டுவாரியாக எழுதும் சீட்டு இரண்டு பிரதி; இருவரும் கையெழுத்திட்டபின் ஒன்று பணத்தோடு பொருளாளருக்கு, மற்றது நேராகச் செயலரின் கோப்புக்கு. திங்கள் மதியத்துக்குள் முழுத் தொகையும் வங்கியில். வங்கிச் சலானும் எண்ணிய சீட்டும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டும். காணிக்கையிலிருந்து நேரடியாகச் செலவு செய்தால் இந்த ஒப்பீடு முறிந்துவிடும் என்பதால்தான் அது முற்றிலும் தடுக்கப்பட்டது. சில்லறைச் செலவுக்கு 5,000 ரூபாய் தனியாகக் கொடுத்து, வவுச்சர் காட்டினால் மறுபடி நிரப்புகிறார்கள்.

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுப்பதில்லை. 2018-19 முதல் அறக்கட்டளைகள் அப்படிக் கொடுத்தால் அது அறச்செலவாக வரிக்கணக்கில் ஏற்கப்படாது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து. முன்கூட்டியே கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கிடையாது. வெற்றுக் காசோலை வழக்கம் மட்டும் நீடித்தால் மற்ற விதிகள் அனைத்தும் வீண்.

நான்கு நிதிக்கு நான்கு வங்கிக் கணக்கு தொடங்கலாமா என்று யோசித்தார்கள். குறைந்தபட்ச இருப்பும் கையெழுத்து மாற்றும் வேலையும் நான்கு மடங்காகும். அதனால் பொதுக் கணக்கு ஒன்று, குறித்த நிதிகளுக்கு ஒன்று என்று இரண்டோடு நிறுத்தி, இரண்டாவதைப் பேரேட்டில் பத்திகளாகப் பிரித்தார்கள். பத்திகளின் கூட்டுத்தொகை மாதக் கடைசியில் பாஸ்புக்கோடு ஒத்துப்போக வேண்டும். இந்த அளவுச் சபைக்கு அது போதும்.

ஏலத் தொகை முப்பது நாளுக்குள் கட்டப்பட வேண்டும், கையில் வந்தபிறகுதான் வரவு. 2019 பண்டிகையில் ஏலக் குரல் 3.85 லட்சத்திலிருந்து 2.60 லட்சமாக இறங்கியது. பலர் வருந்தினார்கள். ஆனால் 2.48 லட்சம் உண்மையில் வசூலானது.

எதிர்ப்பு

கடுமையான எதிர்ப்பு வந்தது மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதற்குத்தான். ஆலயக் கணக்கைக் கடைத்தெருக் கணக்குபோல் ஒட்டுவதா என்றார்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்க வேண்டும் என்ற வசனத்தையும் (மத்தேயு 6) காட்டினார்கள். ஆயர் அதற்கு வேதத்திலிருந்தே பதில் தந்தார். யோவாஸ் காலத்தில் ஆலயப் பெட்டிப் பணத்தை ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்தே எண்ணினார்கள் (2 இராஜாக்கள் 12). எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப் பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாதென்று சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனைக் கூடச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). மத்தேயு 6 மறைக்கச் சொல்வது கொடுத்தவர் தன் தர்மத்தை. வாங்கியவர்கள் செலவழித்த கணக்கை மறைக்க அது இடம் தரவில்லை. இந்தப் பிரிப்பின்படியே முடிவும் அமைந்தது. பலகையில் நிதிவாரித் தொகை உண்டு, கொடுத்தவர் பெயர் கிடையாது.

ஊரடங்குக் காலம்

2020 மார்ச் கடைசியில் ஆலயம் மூடப்பட்டது. செப்டம்பர் வரை கூடிவர முடியவில்லை. ஞாயிறு காணிக்கை நின்றது. கட்டட நிதித் தவணையை ஏப்ரல் முதல் ஆறு மாதம் நிறுத்திவைக்கக் கமிட்டி தீர்மானித்து, அதையும் அறிவித்தது. ஆயர், ஊழியர் சம்பளப் பங்கில் கை வைக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு கமிட்டி உறுப்பினர் நல்லெண்ணத்தோடு தன் சொந்த ஜிபே எண்ணைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் காணிக்கை அனுப்பச் சொன்னார். இரண்டு நாளில் அதை நிறுத்தி, வந்த பணத்தைப் பட்டியலோடு சபைக் கணக்குக்கு மாற்றி, வங்கியிலிருந்து சபைப் பெயரிலேயே கியூஆர் அட்டை வாங்கினார்கள். அதில் வேறொரு சிக்கல்: அனுப்பியவர் பெயர் தெரியும், நோக்கம் தெரியாது. குறிப்பில் 'சங்கம்', 'ஏழை', 'கட்டடம்' என்று எழுதச் சொல்லி, குறிப்பில்லாதது பொதுக் காணிக்கையாகச் சேரும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள்.

ஏழைகள் நிதி அப்போது முழுதாக இருந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் 74 வீடுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் பை கொடுத்தார்கள். ஒரு பைக்கு 1,150 ரூபாய். சபையைச் சேராத கூலி வீடுகளும் அதில் இருந்தன. இரண்டு ஆண்டுக்கு முன்பிருந்த ஒற்றைக் கணக்கில் அந்தப் பணம் எப்போதோ கரைந்திருக்கும்.

2022இல் நிலை

கடைசித் தவணை 2022 ஜனவரியில் போனது. கோபுர வேலை மறுபடி தொடங்கியது. பிடித்தம் 1 சதவீதம் ஒழுங்காகக் கட்டப்படுகிறது. பொருளாளர் பொறுப்பு தொடர்ந்து இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று பொதுச் சபை தீர்மானித்தது. வெளியூர்க் காணிக்கைப் படிவத்தில் குடியுரிமை கேட்கப்படுகிறது.

மறுபடி செய்வதானால்

முன்னாள் பொருளாளர் தன் சுயத்துக்கு எதையும் எடுக்கவில்லை என்று கமிட்டி கடிதம் கொடுத்தது. ஆனால் அறிக்கை வந்து ஐந்து மாதம் கழித்துத்தான் கொடுத்தது. அதற்குள் ஊர் வாய் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. ஓராண்டுக்கு அவர் பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போனார். அந்தக் கடிதம் பொதுச் சபையில் அறிக்கையோடு சேர்த்தே வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆய்வு நடந்த பதினொரு வாரமும் சபைக்கு ஒரு வார்த்தையும் சொல்லாததும் தவறு. முடிவைச் சொல்ல முடியாவிட்டாலும், ஆய்வு நடக்கிறது, இன்ன தேதியில் அறிக்கை வரும் என்று சொல்லியிருக்கலாம்.

ஏல பாக்கியை முதல் ஆண்டிலேயே ரொக்க வரவோடு ஒப்பிட்டிருந்தால் துண்டு ஒரு லட்சத்தைச் சுற்றியே நின்றிருக்கும். திருமண்டலத் தணிக்கை ஆண்டுதோறும் நடந்தது. அது வவுச்சரைப் பார்த்தது, நிதிவாரி இருப்பைக் கேட்கவில்லை. இப்போது ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே நான்கு நிதியின் இருப்பும் வங்கிச் சான்றும் வைக்கப்படுகின்றன.

தீராதவையும் உண்டு. மூன்று மாதச் செலவுக்கான இருப்பு ஏறக்குறைய 5 லட்சம் தேவை. 2022 மார்ச்சில் 1.10 லட்சம்தான் சேர்ந்திருந்தது. 40 குடும்பக் கிளைச் சபையில் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவு என்பதால், உறவில்லாத இருவர் என்ற விதி அங்கே நடைமுறைக்கு வரவில்லை. தலைமை ஆலயத்திலிருந்து ஒருவர் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அங்கே போய் எண்ணுகிறார். மற்ற ஞாயிறுகளில் பை முத்திரையிடப்பட்டு, ஊழியரும் ஒரு பெண் மூப்பரும் உறைமேல் கையெழுத்திட, மாலையில் தலைமை ஆலய வெஸ்ட்ரியில் திறக்கப்படுகிறது.